கிம்பெரா கிளையின் பெயர்ப்பட்டியல்

உவாகடூகு
12 மார்ச் 1996

தோழர் கொரோத்திமி சொம்பியே,
செயலாளர், கிம்பெரா கிளை,
ஆப்பிரிக்க உழைப்பாளர் ஒற்றுமைக் கட்சி.

தோழரே,

போன வெள்ளிக்கிழமை கூடிய நம் கட்சியின் அரசியல் குழு, ஐந்து மணி நேர விவாதத்துக்குப் பின், அரசில் சேர்வது என்று முடிவு செய்தது. பதினேழு ஆண்டுகளாக வெளியே நின்று குரல் கொடுத்த கட்சி இனி உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும். நீர்வளத் துறை நமக்குக் கிடைத்திருக்கிறது. பொதுச்செயலாளர் தோழர் தப்சோபா அமைச்சராகிறார். ஜனவரியில் அக்ராவில் கூடிய மாநாட்டில் பதினான்கு நாட்டுத் தோழர்களும் ஒருமித்துச் சொன்னது இதைத்தான்: அதிகாரம் இல்லாத ஒற்றுமை வெறும் பாட்டு.

உங்கள் கிளை கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிம்பெரா பள்ளத்து வயல் நாற்பது ஹெக்டேரையும் அரசு ஒரு வாழைத் தோட்டக் கம்பெனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. அங்கே நெல் போடும் பெண்களுக்கு ஊருக்கு மேற்கே மேட்டு நிலம் ஒதுக்கப்படும். கூட்டணியின் முதல் ஆண்டிலேயே நம் கிளை ஒன்றிலிருந்து எதிர்ப்புக் கிளம்பினால் கட்சிக்குத் தலைகுனிவு. கூட்டம் போட்டு விளக்கிச் சொல்லுங்கள். உங்கள் திறமையில் குழுவுக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஒரே கண்டம், ஒரே மக்கள்!

ஃபதோகோமா ஹேமா
நாடாளுமன்ற உறுப்பினர்,
அரசியல் குழு உறுப்பினர்

கொரோ, இதற்குக் கீழே உன் புருஷன் எழுதுகிறேன். மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை மாற்ற ஆள் வந்தானா? இந்த மாதமும் என்னால் தலைநகரை விட்டு வர முடியாது. என் சாம்பல் நிற நெசவு அங்கியை பஸ்ஸில் கொடுத்துவிடு. பதவியேற்பு நாளில் எல்லாரும் நம் நாட்டு நெசவில்தான் வர வேண்டுமாம். இன்னொன்று: கூட்டத்தில் மாமூ அக்காவை முதலில் பேச விடாதே. அவள் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.


கிம்பெரா
25 மார்ச் 1996

தோழர் ஹேமா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கூட்டம் போட்டேன். மாமூ அக்காதான் முதலில் பேசினாள். நெல்காரிகள் சங்கத்துக்கு அவள் தலைவி. அவளைத் தடுக்கக் கட்சி விதியில் எங்கே இடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தின் மேல்பாதியை வரி வரியாக நம் ஜூலா மொழியில் சொல்லி வாசித்தேன். "போன வெள்ளிக்கிழமை" என்றதுமே நிறுத்திவிட்டார்கள்.

"எந்த வெள்ளி?"

"மார்ச் எட்டு."

"அது பொம்பளைங்க நாளுல்ல? நாம இங்க புதுச் சேலைத்துணி கட்டிக்கிட்டு ஆடிட்டிருந்தோம். அவங்க அங்க நம்ம வயல பேசி முடிச்சாங்களா?"

அதற்கு மேல் என்னால் அவர்களை அடக்க முடியவில்லை. மேட்டு நிலம் என்று வாசித்தபோது மாமூ அக்கா எழுந்தாள். "மேட்டுல என்ன விளையும்? கறையான் புத்து விளையும். அங்க நெல்லு போட்டா கறையானுக்குத்தான் சோறு. இத எழுதின புண்ணியவான் அந்த மேட்ட ஏறிப் பாத்தானா?" பின்வரிசையில் யாரோ, "ஃபதோகோமா இந்த ஊருல நட்டது ஒண்ணே ஒண்ணுதான், கொடிக்கம்பம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மன்னிக்க வேண்டும், நானும் சிரித்துவிட்டேன்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். கம்பும் சோளமும் புருஷன்மார் நிலத்தில். அதில் எங்களுக்குக் கூலியும் இல்லை, பேச்சும் இல்லை. பள்ளத்து நெல் ஒன்றுதான் பெண்ணுக்குப் பெண் கைமாறி வந்தது. பிள்ளைக்குச் சீருடையும் காய்ச்சலுக்கு மாத்திரையும் அதிலிருந்துதான். 1979-இல் இந்த ஊருக்கு வாத்தியாராக வந்தீர்கள். வரப்பில் உட்கார்ந்து எங்களுக்கு ஆப்பிரிக்கா படத்தை மண்ணில் வரைந்து காட்டினீர்கள். "நிலம் உழுகிறவனுக்கே" என்ற கட்சி முழக்கத்தை, இங்கே உழுவது பெண்கள் என்று பார்த்துவிட்டு, "உழுகிறவளுக்கே" என்று மாற்றிச் சுவரில் எழுதினீர்கள். அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது.

கூட்டம் முடிவு எதுவும் எடுக்கவில்லை. குத்தகைப் பத்திரத்தில் யார் கையெழுத்து, எந்தத் தேதி என்று கேட்டு எழுதச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

தகரம் மாற்ற ஆள் வரவில்லை. நானே ஏறி மாற்றினேன். அங்கி பஸ்ஸில் வருகிறது.

கொரோத்திமி சொம்பியே


உவாகடூகு
9 ஏப்ரல் 1996

தோழரே,

உங்கள் கடிதம் எனக்கு வருத்தம் தந்தது. விளக்கிச் சொல்லுங்கள் என்று எழுதினால் வேடிக்கை காட்டியிருக்கிறீர்கள். கட்சி ஒரு சங்கம் இல்லை. ஒரு பள்ளத்தை வைத்துக் கண்டத்தைப் பார்க்க முடியாது. நீர்வளத் துறை நம் கையில் இருந்தால் மூன்று ஆண்டில் அறுநூறு ஆழ்குழாய்க் கிணறு போடலாம். அறுநூறு ஊர்ப் பெண்கள் நான்கு கிலோமீட்டர் நடந்து தண்ணீர் தூக்குவது நிற்கும். அந்தப் பெண்கள் பெண்கள் இல்லையா? நாற்பது ஹெக்டேர் பெரிதா, அறுநூறு கிணறு பெரிதா? இதை உன்னால் கணக்குப் பார்க்க முடியாது என்று நான் நம்பவில்லை. நீ வேண்டுமென்றே செய்கிறாய்.

உன் கடிதம் வந்த விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. நேற்று தப்சோபா எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, "என்ன தோழர், வீட்டுலயே எதிர்க்கட்சியாமே?" என்று கேட்டார். சிரித்தார்கள். நீங்களும் அங்கே சிரித்திருக்கிறீர்கள். நான் எங்கே போனாலும் சிரிப்புக்கு ஆளாகிறேன்.

குத்தகைத் தேதி அரசு விவகாரம். கிளைக்கு அது தேவையில்லை.

ஃபதோகோமா


கிம்பெரா
4 மே 1996

தோழர் ஹேமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் "நீங்கள்" என்று தொடங்கி நடுவில் "நீ" ஆகி மறுபடி "நீங்கள்" ஆகிறது. கட்சி திட்டுகிறதா புருஷன் திட்டுகிறாரா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அறுநூறு கிணறு நல்ல விஷயம். போடுங்கள். ஆனால் ஒரு ஊர்ப் பெண்ணின் வயலை எடுத்து இன்னொரு ஊர்ப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் சோசலிசம் என்று நீங்கள் எங்களுக்குப் பாடம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. கம்பெனிக்காரன் வயல் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்களேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை வட்ட அதிகாரி ஆட்களோடு வந்து சங்கத்தின் விதைக் கொட்டகைக்குச் சீல் வைத்தார். இந்த ஆண்டு விதைநெல் முழுக்க உள்ளே. மாமூ அக்கா கதவில் முதுகை வைத்து நின்றாள். ஒதுக்கிவிட்டார்கள். கதவில் ஒட்டிய காகிதத்தை நான் வாசித்தேன். "பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மார்ச் 12-ஆம் தேதிக் கடிதத்தில் ஒப்புதல் தெரிவித்துள்ளபடி" என்று அதில் இருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் நகல்தானே? எனக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்றா?

அந்த வரியை நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்துப் பெண் வாசித்துவிட்டாள். அன்றைக்கு யார் வீட்டிலிருந்தும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் கிளைக் கூட்டத்தில் செயலாளர் பதவியை விட்டுத் தருவதாகச் சொன்னேன். மாமூ அக்கா, "உக்காரு. உன் புருஷன் எழுதினதுக்கு நீ என்ன பண்ணுவ? உனக்குக் கையெழுத்து நல்லா வருது, அதுக்காக வச்சிருக்கோம்" என்றாள். பிறகு வாக்கெடுத்தோம். மழை விழுந்ததும் பள்ளத்தில் விதைப்பது என்று முடிவு. பதினொரு பேர் எதிர்த்தார்கள். அவர்களும் முடிவுக்குக் கட்டுப்படுவதாகக் கை தூக்கினார்கள். கட்சிக்கு முறைப்படி தெரிவிக்கிறேன்.

விதை எங்கே என்று கேட்காதீர்கள். அது கிளையின் விவகாரம்.

கொரோத்திமி சொம்பியே


உவாகடூகு
21 மே 1996

கொரோ,

நகல் நான் கொடுக்கவில்லை. கட்சி அலுவலகத்தில் எல்லாக் கடிதத்துக்கும் ஒரு படி வைப்பார்கள். அங்கிருந்து போயிருக்கிறது. இதை நீ நம்ப வேண்டும் என்று எழுதுகிறேன். நம்பாவிட்டாலும் எழுதியாக வேண்டும்.

சீல் வைத்தது எனக்குத் தெரியாது. தப்சோபாவிடம் கேட்டேன். "தோழர், அது உள்துறை. நம்ம துறை தண்ணி" என்றார். அமைச்சரான பிறகு அவர் அறைக்கு மூன்று கதவு. மூன்றாவது கதவு வரைக்கும் போவதற்குள் கோபம் பாதி ஆறிவிடுகிறது.

விதைக்க வேண்டாம். ஒரு விசாரணைக் குழு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுவரை பொறுங்கள். நான் நேரில் வருகிறேன், ஜூன் முதல் வாரத்தில்.

நீ சாப்பிடாமல் இருந்தாய் என்று எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

ஃபதோகோமா


கிம்பெரா
30 ஜூன் 1996

தோழர் ஹேமா அவர்களுக்கு,

ஜூன் முதல் வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. மழை யாருக்கும் காத்திருக்கவில்லை, நாங்களும் காத்திருக்கவில்லை.

இப்போது சொல்லலாம். மாலியில் சிக்காசோ நெல்காரிகள் சங்கத்துத் தலைவி சனாட்டா பெர்தேயை உங்களுக்குத் தெரியும். எண்பத்தெட்டில் நம் கிளை விழாவுக்கு வந்து உங்கள் பேச்சின் நடுவே தூங்கிவிட்டாளே, அவள்தான். அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: விதையைப் பூட்டிவிட்டார்கள், என்ன செய்வது என்று. பதில் கடிதம் வரவில்லை. எல்லைச் சந்தைக்கு லாரியே வந்துவிட்டது. அறுபத்திரண்டு மூட்டை. அவர்களுடைய பள்ளத்து நெல், எண்பது நாள் கழித்துக் கதிர் விடும் ரகம். சனாட்டாவே மூட்டை மேல் உட்கார்ந்து வந்திருந்தாள்.

எல்லைச் சாவடியில் நம் சுங்கக்காரர்கள் லாரியை மறித்தார்கள். விதைக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமாம். சனாட்டா கேட்டாள்: "லாரிக்குத்தானே சீட்டு? தலைக்கு வேணுமா?" சுங்கக்காரருக்குப் புரியவில்லை. அவர் புரிந்துகொள்வதற்குள் நாங்கள் எழுபது பேர் அந்தப் பக்கம் போய், மூட்டைகளைப் பிரித்து, கூடைகளில் போட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டு சோளக்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆரம்பித்துவிட்டோம். மாலிப் பெண்கள் பாதி வழி வரைக்கும் எங்களோடு சுமந்தார்கள். எது எல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. ஓர் ஓடையைத் தாண்டினோம், அதுவாக இருக்கலாம். இருபது கிலோமீட்டர். நீங்கள் அக்ராவில் தீர்மானம் போட்டீர்கள். நாங்கள் வியாழக்கிழமை நடந்து முடித்தோம்.

ஜூன் 18 விதைக்க ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் போலீஸ் ஜீப் வந்தது. சார்ஜென்ட் ஹியென் வந்திருந்தார். அவர் லோபி இனத்தவர், நமக்கும் அவர்களுக்கும் கேலிமுறை, திட்டினால் கோபிக்கக் கூடாது. மாமூ அக்கா சேற்றில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"பாருங்கடி, நம்ம வீட்டு அடிமை துப்பாக்கி தூக்கிட்டு வந்திருக்கான்! யாரு கொடுத்தா உனக்கு? திருப்பிக் கொடுத்துட்டு மண்வெட்டி எடு!"

"ஏ கிழவி, அடிமை நீ. உங்க பாட்டன எங்க பாட்டன் ஒரு கோழிக்கு வாங்கினான். வயல விட்டு வெளிய வா."

"கோழிக்கா? எங்க பாட்டன் அவ்வளவு விலை போனானா! உன்ன வித்தா முட்டைகூடக் கிடைக்காதுடா."

போலீஸ்காரர்களே சிரித்துவிட்டார்கள். சார்ஜென்டும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "அக்கா, கேலி முடிஞ்சுது. எனக்கு உத்தரவு இருக்கு. பதினொரு பேர் வேணும். நீங்களே சொல்லுங்க யாருன்னு. நான் கைய வைக்க மாட்டேன்."

அக்கா கால் கழுவினாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஏறினேன். ஒன்பது பேர் ஏறினார்கள். பன்னிரண்டாவதாக ஏற வந்தவளைச் சார்ஜென்ட் கெஞ்சி இறக்க வேண்டியிருந்தது.

பான்ஃபோரா லாக்கப்பில் மூன்று இரவு. அடிக்கவில்லை. ஆனால் பதினொரு பேருக்கு ஒரு வாளி. ஒருத்திக்குக் கைக்குழந்தை, அதற்குக் காய்ச்சல் கண்டது. சார்ஜென்டின் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். நான்காம் நாள், ஜூலை முடியும்வரை வயலில் கால் வைக்கக் கூடாது என்ற காகிதத்தில் கைநாட்டு வைத்தால் விடுவதாகச் சொன்னார்கள். நாங்கள் வைக்கவில்லை. அப்போதும் விட்டார்கள், பதினொரு பேருக்குச் சோறு போட அவர்களுக்குக் கட்டாது போல.

நாங்கள் உள்ளே இருந்த மூன்று நாளில் மற்றவர்கள் விதைத்து முடித்துவிட்டார்கள். முளை வந்துவிட்டது.

ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று எழுந்து உட்கார்ந்தேன். இதைச் செயலாளர் எழுதவில்லை.

கொரோத்திமி


உவாகடூகு
10 ஜூலை 1996

தோழர் கொரோத்திமி சொம்பியே அவர்களுக்கு,

அரசியல் குழுவின் ஜூலை 8-ஆம் தேதி முடிவுப்படி கிம்பெரா கிளை இடைநிறுத்தம் செய்யப்படுகிறது. சட்டவிரோத விதைப்பில் கலந்துகொண்ட உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்து, கட்சியிலிருந்து நீக்குவதற்காக, தோழர் ஃபதோகோமா ஹேமா ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்குள் குழு முன் வைக்க வேண்டும். இதற்குக் கிளை ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

ஃபதோகோமா ஹேமா
அரசியல் குழுவுக்காக

கொரோ,

உன்னைப் பிடித்தது எனக்கு நான்காம் நாள்தான் தெரியும். தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்று எழுத நினைத்தேன். வந்திருப்பேனா என்று எனக்கே உறுதியில்லை, அதனால் எழுதவில்லை. குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது?

இதைக் கிழித்துப் போட்டுவிடு. பத்துப் பதினைந்து பேர் கொடுத்தால் போதும் என்று தப்சோபா சொல்கிறார். மாமூ அக்கா, இன்னும் சிலர். ஊரை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் பெயரைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். உன் பெயர் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு தேர்தல். அது முடிந்ததும் எல்லாரையும் திரும்பச் சேர்த்துவிடலாம்.


கிம்பெரா
19 ஜூலை 1996

தோழர் ஹேமா அவர்களுக்கு,

குழந்தை பிழைத்துக்கொண்டது.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கீழ்ப்பாதியையும் சேர்த்துக் கூட்டத்தில் வாசித்தேன். செத்தவர்கள் பெயரைச் சேர்க்கலாம் என்ற இடம் வந்தபோது மாமூ அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் தங்கை எண்பத்தேழில் கட்சி உறுப்பினராகவே செத்தவள். கட்சிக் கொடி போர்த்தித்தான் புதைத்தோம். நீங்கள்தான் பேசினீர்கள்.

பட்டியல் கேட்டீர்கள். கிளைப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, முதல் பக்கத்திலிருந்து, ஒரு பெயர்கூட விடாமல் என் கையால் படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நூற்று நாற்பத்து மூன்று பெயர். விதைக்காதவர்கள் வரப்பு போட்டார்கள். வரப்பு போடாதவர்கள் சோறு கொண்டுவந்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களும் விதைத்தார்கள். நான் பொறுக்கித் தர மாட்டேன். அடிக்க வேண்டுமென்றால் உங்கள் பேனாவால் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.

என் பெயரை அடித்துவிட்டு மற்றவர்களைக் கொடுத்தீர்கள் என்று தெரிந்தால், இந்த வீட்டுக்கு வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

கொரோத்திமி சொம்பியே


உவாகடூகு
6 ஆகஸ்ட் 1996

கொரோ,

நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். நீ எப்போதும் சொல்வாயே, நான் கதை சொன்னால் வால் முதலில் வரும் என்று.

உன் பட்டியல் வந்த அன்று மேசையில் விரித்து வைத்து, அளவுகோலும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: அடிக்கத்தான் உட்கார்ந்தேன். முதல் பெயர் ஃபதோகோமா ஹேமா என்று இருந்தது. இரண்டாவது நீ. மூன்றாவது மாமூ சிரிமா. என் பெயர் அங்கே இருக்கும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நீ வேண்டுமென்றே எழுதினாயா?

என் பெயரை முதலில் அடிக்க வேண்டும், இல்லையா? பேனாவை வைத்தேன். முடியவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் நீ மார்ச் மாதம் கேட்ட கேள்வியைத் தூக்கிக்கொண்டு நிலப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எம்.பி. என்பதால் கோப்பைக் காட்டினார்கள். குத்தகைப் பத்திரத்தின் தேதி பிப்ரவரி 19. நாங்கள் கூடி விவாதித்தது மார்ச் 8. பத்திரத்தின் ஓரத்தில் தப்சோபாவின் சுருக்கக் கையெழுத்து. நாங்கள் ஐந்து மணி நேரம் மேசையைத் தட்டிப் பேசியபோது அந்த ஆள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கொரோ. எல்லாம் முடிந்திருந்தது. அமைச்சர் பதவிக்கு விலை உங்கள் பள்ளம். அதை உங்களிடம் விற்கப் போன தரகன் நான்.

ஆகஸ்ட் 1 குழு கூடியது. பட்டியலைக் கொடுத்தேன். தப்சோபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நூத்தி நாப்பத்து மூணு பேரா? மொத்தக் கிளையுமா? சரி, அதுவும் நல்லதுதான். ஆமா, மொதல் பேரு உங்க பேராச்சே? எழுதினதுல தப்பா?"

"இல்ல தோழர். கிளைப் பதிவேட்டுல மொதல் பேரு என்னுது. வரிசைப்படிதான் கொடுத்திருக்கேன்."

"நீங்க விதைக்கலையே."

"விதைக்கல. அதான் நான் செஞ்ச தப்பு."

"பொண்டாட்டிக்குப் பயந்துட்டாருப்பா" என்று ஒருவர் சொன்னார். இந்த முறை எனக்கு அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. "ஆமா, பயந்துதான் இருக்கேன். அவங்க கேட்ட தேதிய இப்பதான் போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்று சொல்லி, பத்திரத்தின் நகலை மேசையில் வைத்தேன். சிரிப்பு நின்றது. ஏழு பேரில் இரண்டு பேர் அந்த நகலைக் கையில் எடுத்து வாசித்தார்கள். மற்றவர்கள் அதைத் தொடவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

தப்சோபா பட்டியலில் கையெழுத்துப் போட்டார். ஆக, கிம்பெரா கிளை முழுக்க நீக்கப்பட்டது, நான் உட்பட. நான் மறுநாள் நாடாளுமன்றத்தில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்: பிப்ரவரி 19-இல் போட்ட குத்தகைக்கு மார்ச் 12-இல் ஒப்புதல் எப்படி வந்தது என்று. இரண்டு பத்திரிகைகளில் வந்துவிட்டது. கம்பெனி இயந்திரங்கள் பான்ஃபோராவிலேயே நிற்கின்றன. விசாரணைக் குழு வருகிறது. குத்தகை ரத்தாகவில்லை. தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் என் ராஜினாமாவைக் கொடுத்தேன். கட்சிப் பெயரில் வென்ற நாற்காலி அது. காரும் வீடும் போயிற்று. இப்போது சகோதரன் ஒருவன் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறேன்.

எந்தக் கட்சியிலும் இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. கிளை இன்னும் கூடுகிறதா? கூடினால், ஃபதோகோமா ஹேமா, வயது நாற்பத்தொன்பது, முன்னாள் ஆசிரியர், உறுப்பினராகச் சேர விண்ணப்பிக்கிறான் என்று சொல். முதல் பெயராக வேண்டாம். கடைசியில் எழுதினால் போதும்.

உன்னிடமும் தனியாகக் கேட்க வேண்டியது இருக்கிறது. அதைக் கடிதத்தில் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஃபதோகோமா


கிம்பெரா
20 ஆகஸ்ட் 1996

ஃபதோகோமா ஹேமா அவர்களுக்கு,

கிளை கூடுகிறது. எங்களை நீக்கிய காகிதம் வந்த அன்றும் கூடினோம். கொடியை இறக்கவில்லை. கட்சிப் பெயரை அவர்கள் வைத்துக்கொள்ளட்டுமா, நாம் வைத்துக்கொள்வதா என்று நீண்ட பேச்சு. மாமூ அக்கா முடித்து வைத்தாள்: "பேரு நம்முது. போனவன் வேற பேரு தேடிக்கட்டும்." அதனால் நாங்கள்தான் கட்சி. சிக்காசோவிலிருந்து சனாட்டாவும் அப்படியே எழுதியிருக்கிறாள். பக்கத்து ஊர்க் கிளைகள் மூன்று எங்களோடு வந்துவிட்டன. நான்காவது யோசிக்கிறது.

நான் வேண்டுமென்றே எழுதினேனா என்று கேட்டீர்கள். பதிவேட்டில் இருந்ததை எழுதினேன். எழுதும்போது கை நின்றது. பிறகு எழுதினேன்.

உங்கள் விண்ணப்பத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைத்தேன். எளிதாகப் போகவில்லை. மாமூ அக்கா எதிர்த்தாள். "வந்தா பேசுவான். பேசுறதுக்கு இங்க ஆள் நிறைய இருக்கு" என்றாள். கைக்குழந்தையோடு லாக்கப்பில் இருந்தவளும் எதிர்த்தாள். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆதரித்தவர்கள், யாரும் கேட்காமலே நாற்காலியை விட்டு எழுந்த எம்.பி.யை இதுவரை பார்த்ததில்லை என்றார்கள். நான் மனைவி என்பதால் வாக்களிக்கவில்லை. கை எண்ணும் வேலை மட்டும் செய்தேன். முதல் முறை எண்ணி முடித்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை, மறுபடி எண்ணினேன். ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தேழு. சேர்த்துக்கொண்டார்கள்.

நிபந்தனை உண்டு. அறுவடை முடியும்வரை கூட்டங்களில் நீங்கள் கேட்கலாம், பேச முடியாது. பத்திரிகைக்கு எதுவும் எழுதுவதாக இருந்தால் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். மாமூ அக்கா வீட்டுக்கு நீங்களே போய் அவள் தங்கை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் கதவைத் திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை நான் கொண்டுவந்தது.

இப்போது இரண்டாம் களை நடக்கிறது. பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். வடக்கு ஓரத்தில் உங்களுக்கு ஒரு பாத்தி ஒதுக்கியிருக்கிறோம். இந்த ஊரில் ஆண்பிள்ளை எவனும் நெல்வயலில் களை எடுத்ததில்லை, வரப்பில் நின்று சிரிப்பார்கள். வெட்கத்தால் கடிதத்தில் எழுத முடியாததை அங்கே பக்கத்துப் பாத்தியில் நின்று கேளுங்கள். பதில் சொல்கிறேன்.

விசாரணைக் குழு செப்டம்பர் 5 வருகிறது. அதற்கு முந்தைய வாரம் வட்ட அதிகாரி எங்களை வெளியேற்றப் பார்ப்பார் என்று சார்ஜென்ட் ஹியென் தன் மனைவி மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த முறை பதினொரு பேர் இல்லையாம், வயலில் நிற்கிற எல்லாரையுமாம். இனி நீங்கள் எம்.பி. இல்லை, பிடித்தால் பிடித்ததுதான்.

அடுத்த புதன்கிழமை லாரியில் வாருங்கள். மாற்றுடை இரண்டு கொண்டுவாருங்கள். சேற்றுக்கு ஒன்று, லாக்கப்புக்கு ஒன்று.

கொரோத்திமி சொம்பியே
செயலாளர்